வெறுந்தட்டு உடன்படிக்கை

பவளராணி: அகஸ்ரின் அண்ணை! கதவைத் திறவுங்கோ! கெதியா!

அகஸ்ரின்: மெல்லத் தட்டு பிள்ளை... கிழவர் இப்பதான் கண்ணை மூடினவர்.

பவளராணி: ஐயோ! மூடிட்டாரோ?

அகஸ்ரின்: நித்திரைக்கு, நித்திரைக்கு! அவர் எங்களையெல்லாம் அனுப்பிப்போட்டுத்தான் போவார். என்ன, உங்கடை பக்கம் வீடு பத்துதோ?

பவளராணி: அதைவிட மோசம். தட்டிலை சீனி கிடக்கு.

அகஸ்ரின்: எந்தத் தட்டிலை?

பவளராணி: எந்தத் தட்டோ? இண்டைக்கு என்ன நாள் அண்ணை?

அகஸ்ரின்: ஜூன் ரெண்டு. லீவுநாள். இத்தாலிச் சனம் ராசாவைக் கலைச்ச நாள்.

பவளராணி: அப்ப நான் பாக்கிற சிஞ்ஞோரா நீங்கள் பாக்கிற கிழவருக்கு என்ன அனுப்பினவ?

அகஸ்ரின்: வழக்கமானதுதான். குடியரசுக் கொடியின்ரை பச்சை, வெள்ளை, சிவப்பிலை இனிப்பு. 'உன்ரை ராசா துலைஞ்சான், தின் அண்ணா' எண்டு ஒரு நக்கல். நான் இனிப்பை முற்றத்துப் புறாவுக்குக் கொட்டிப்போட்டு வழக்கம் போலை வெறுந்தட்டைத்தான்...

பவளராணி: வெறுந்தட்டோ? நடுவிலை வெள்ளையா ஒரு பிடி கிடக்கு. அது என்ன, பால்கனியாலை பறந்து வந்த பனியோ?

அகஸ்ரின்: வேறை வருசம் கிழவரே தட்டைக் கழுவாமல் என்ரை கையிலை தருவார் பிள்ளை. இந்தமுறை அவர் நித்திரை. நான் கழுவினன்... துடைச்சன்... பேந்து கை தன்ரைபாட்டிலை சீனிப் போத்திலுக்கை போச்சுது. எங்கடை மன்னாரிலை ஒருத்தற்றை ஏனத்தை வெறுமையாத் திருப்பிக் குடுக்கிறதே? அம்மா கண்டால் கையை முறிச்சிருப்பா.

பவளராணி: வன்னியிலையும்தான் குடுக்கிறேல்லை! உங்கடை மனிசி கறி அனுப்பின டப்பாவை நான் ஒருநாளாவது சும்மா தந்திருக்கிறனே? ஆனா இது கறி வந்த டப்பா இல்லை அண்ணை, சண்டை வந்த தட்டு!

அகஸ்ரின்: சரி, சரி, கத்தாதை. தட்டிப்போட்டுத் துடைச்சு விடன். ஆருக்குத் தெரியும்?

பவளராணி: றெனாத்தோவுக்குத் தெரியும். கதிரையிலை குந்தியிருந்து கோப்பி குடிச்சுக்கொண்டு இருக்கிறான்.

அகஸ்ரின்: மாதாவே! இவையளின்ரை தம்பியின்ரை மோன் வந்திருக்கிறானோ?

பவளராணி: லீவுநாளெண்டால் மாமியிலை பாசம் வந்திடுமே. சீனியைக் கண்டதும் கதிரையாலை துள்ளி எழும்பினான். 'மாமி! சமாதானம்! பெரியப்பா சமாதானத்துக்கு வந்திட்டார்!' எண்டு.

அகஸ்ரின்: சிஞ்ஞோரா என்ன சொன்னவ?

பவளராணி: சீனியைப் பாத்தபடி இருக்கிறா. அவ என்ன சொல்லுறது? எத்தினை வருசமா அவனுக்கு ஒரே பதிலெல்லே குடுத்தவ. 'வீட்டை விக்கக் கையெழுத்துப் போடு மாமி' எண்டு அவன் வரேக்கையெல்லாம், 'அண்ணன் என்ரை தட்டை எண்டைக்கு வெறுமையா அனுப்பாமல் விடுறானோ, அண்டைக்குப் போடுறன்' எண்டு.

அகஸ்ரின்: அது நடவாத காரியம் எண்டுதானே அப்பிடிச் சொன்னவ.

பவளராணி: ஓம். நீங்கள் நடத்திப் போட்டியள்.

அகஸ்ரின்: எங்கடை கிழவரும் சும்மா இருந்தவரே? 'முதல் அவள் போடட்டும், கீழை நானும் போடுறன்' எண்டு ஒரு சொல்லு விட்டு வைச்சிருக்கிறார்.

பவளராணி: அப்ப முடிஞ்சுது. அவன் உறுதி எழுதுற நொத்தாரிசுக்குப் போன் அடிச்சிட்டான்.

அகஸ்ரின்: லீவுநாளிலையோ?

பவளராணி: நொத்தாரிசு அவன்ரை கூட்டாளியாம். கடற்கரையிலை குடும்பத்தோடை ஐஸ்கிறீம் குடிச்சுக்கொண்டு நிண்டவனாம். வாறானாம். பலெர்மோவிலை இந்தக் கால்சாப் பக்கம் கடற்கரை என்ன தூரமே?

அகஸ்ரின்: கையெழுத்து விழுந்தால் வீடு போச்சு. துண்டு துண்டா உடைச்சு ரூறிஸ்ற்காரருக்கு அறை விடுவான். கிழவரை ஒரு முதியோர் இல்லத்திலை, கிழவியை இன்னொண்டிலை.

பவளராணி: எங்களை ரோட்டிலை. எனக்கு ரோட்டுப் பழகினதுதான் அண்ணை. கேசினிக்கு என்ன சொல்லுவன்? பிள்ளையின்ரை பேப்பர் எல்லாம் கொழும்பிலை எம்பசியிலை கிடக்கு. என்ரை வேலை ஒப்பந்தத்தைப் பாத்துத்தான் விசா. இப்ப அது அறுந்தால்... அவளுக்கு மாசியிலை பதினெட்டு. பதினெட்டு முடிஞ்சால் அவள் என்ரை பிள்ளை இல்லையாம், தனி மனிசியாம். பேந்து இஞ்சை கூப்பிடவே ஏலாது.

அகஸ்ரின்: அழாதை பிள்ளை. உள்ளை வா, ஆறுதலா இருந்து யோசிப்பம்.

பவளராணி: வாசல் நிலத்திலை கீறின எல்லைக் கோட்டைத் தாண்டவோ? றெனாத்தோ கண்டால் அதையும் சமாதானம் எண்டுவான். அங்கையே நில்லுங்கோ. நான் இஞ்சை நிக்கிறன். இது எங்கடை ஓமந்தைச் சோதனைச் சாவடி.

அகஸ்ரின்: இந்தக் கோட்டைக் கீறின இவையளின்ரை தாயைச் சொல்லவேணும். பொம்பிளையளை முதன்முதல் வோட்டுப் போட விட்ட வருசம், புருசன் ராசாவுக்குப் போட்டான், இவ குடியரசுக்குப் போட்டா. போட்டிட்டு நேரே வீட்டை வந்து பெயின்ற் வாளியைத் தூக்கினவவாம். மூத்த மகன் தகப்பன்ரை பக்கம், மகள் தாயின்ரை பக்கம். தாயும் தகப்பனும் செத்தும் போச்சினம்... பெயின்ற் மட்டும் போகேல்லை.

பவளராணி: போகுமே? சிஞ்ஞோரா கிறிஸ்மசுக்குக் கிறிஸ்மஸ் என்னைக் கொண்டு புதுப்பிக்கிறவ.

அகஸ்ரின்: இந்தப் படிக்கட்டிலை அந்தக் காலம் எத்தினை நாடு எண்டு நினைக்கிறாய்? மேலை ராசாவும் குடியரசும். நடு மாடியிலை ஒருத்தன், சிசிலி தனிநாடு. கீழை செருப்புத் தைக்கிறவன் கொம்யூனிஸ்ற். நடு மாடிக்காரன்ரை கதையைக் கிழவர் துவங்கினால் நான் மெல்லப் பேச்சை மாத்திப்போடுவன்.

பவளராணி: ஏன்?

அகஸ்ரின்: தனிநாட்டுக் கதை எங்களுக்குப் புதுசே?

பவளராணி: அண்ணை, கதையை விடுங்கோ. நொத்தாரிசு வந்திடுவான். இப்ப எங்களுக்குக் கெதியா ஒரு சண்டை வேணும்.

அகஸ்ரின்: ஒரு வன்னிப் பிள்ளை வாயாலை இதைக் கேக்கிறன்...

பவளராணி: சமாதானம் எண்டாலே நான் நம்பமாட்டன் அண்ணை. ரேடியோவிலை சமாதானம் எண்டு சொன்ன காலத்திலைதான் எங்கடை வளவிலை பெரிய பங்கர் வெட்டினது.

அகஸ்ரின்: இவையளுக்கும் அப்பிடித்தான். கிழவர் ஒவ்வொரு நாளும் சூப் குடிக்கேக்கை சொல்லுவார். உலகச் சண்டை நேரம் இத்தாலி அமெரிக்கன்காரனோடை இஞ்சை சிசிலியிலைதான் ஒரு தோட்டத்துக்கை கூடாரம் அடிச்சு, களவாக் கையெழுத்து வைச்சதாம். வைச்சுப்போட்டு மூச்சு விடேல்லை. சனம் சண்டை நடக்குது எண்டு நினைச்சுச் செத்துக்கொண்டு இருக்குது, பெரியவையளின்ரை பொக்கற்றுக்கை சமாதானம் இருக்குது.

பவளராணி: ...களவாச் சமாதானம் செய்யிற ஆக்களும் இருக்கினம்தான்.

அகஸ்ரின்: என்ன?

பவளராணி: ஒண்டுமில்லை. இப்ப உங்கடை பக்கத்தாலை ஒரு அடி விழவேணும். என்ன இருக்கு?

அகஸ்ரின்: ராசாவின்ரை படம் ஒண்டு அனுப்புவமே?

பவளராணி: போன வருசம் அனுப்பினியளெல்லே. சிஞ்ஞோரா மீசை கீறித் திருப்பி அனுப்பினவ.

அகஸ்ரின்: அந்தாளுக்கு மீசை முதலே இருந்ததே.

பவளராணி: அதுக்கு மேலை இன்னொண்டு.

அகஸ்ரின்: கிழவற்றை கிழிஞ்ச சப்பாத்து? அதை அவ வாசலிலை...

பவளராணி: அதுகள் காணாது. றெனாத்தோ நம்பவேணும். இந்த வீட்டிலை இதுவரைக்கும் ஒருத்தரும் எடுக்காத ஆயுதம் வேணும்.

அகஸ்ரின்: இல்லை பிள்ளை. அது மட்டும் வேண்டாம்.

பவளராணி: சொக்லேற்.

அகஸ்ரின்: ஸ்ஸ்! அந்தச் சொல்லை இந்தப் படியிலை நிண்டு சொல்லாதை!

பவளராணி: ஏன், நீங்கள் நம்பிறியளே? எட்டு வயசிலை சிஞ்ஞோரா அமெரிக்கன்ரை ஒரு துண்டு சொக்லேற்றுக்குத் தகப்பனைக் காட்டிக் குடுத்திருப்பா எண்டு?

அகஸ்ரின்: நான் நம்பி என்ன? தகப்பன் நம்பினான். நகரசபையிலை பாசிஸ்ற்காரற்றை கறுப்புச்சட்டை போட்டு நெஞ்சை நிமித்தித் திரிஞ்ச மனிசன். அமெரிக்கன் வாறான் எண்டதும் சட்டையை மாப் பெட்டிக்குள்ளை புதைச்சான். அமெரிக்கன் நேரே போய் மாப் பெட்டியைத் திறந்தான். அண்டைக்கு இவவின்ரை வாயெல்லாம் சொக்லேற்.

பவளராணி: கிழவருக்கு அப்ப பத்து வயசு. அவற்றை வாய் என்ன, துடைச்சு வைச்சதோ?

அகஸ்ரின்: அதைத்தானே ரெண்டு பேரும் எண்பது வருசமாக் கேக்கினம். ஆர் காட்டினால் என்ன பிள்ளை? முதல்நாள் பின்னேரம் பலெர்மோவிலை கறுப்புச்சட்டை போடாதவனைத் தேடிப்பிடிக்க வேணும். விடியக் காலமை பாத்தால் ஒரு சட்டை இல்லை. பால்கனி பால்கனியா வெள்ளைப் படுக்கைவிரிப்பு. எல்லாரும் பிறந்தநாள் தொட்டு அமெரிக்கன்ரை ஆக்கள்!

பவளராணி: எங்கடை ஆக்களைப் போலை.

அகஸ்ரின்: எங்கடை ஆக்கள் எப்ப?

பவளராணி: இஞ்சை ஒரு கோயிலுக்கு ரெண்டு சங்கம். ஒரு மண்டபத்திலை ரெண்டு பொங்கல், ரெண்டு மைக். ஒரு சங்கத்துக்காரன் மற்றவனோடை முகம் குடுக்கிறேல்லை. நீங்கள் ரெண்டிலையும் செயலாளர்.

அகஸ்ரின்: ஒண்டிலை உப செயலாளர்.

பவளராணி: அண்ணை, சீனியை இனி எடுக்கேலாது. அவன் கண்டிட்டான். ஆனா சீனிக்கு அர்த்தத்தை மாத்தலாம்.

அகஸ்ரின்: எப்பிடி?

பவளராணி: சீனி தவறி வந்ததில்லை, சமாதானத்துக்கு வந்ததுமில்லை. அது முதல் வெடி. இப்ப பின்னாலை சொக்லேற் வருது. ரெண்டையும் சேர்த்துப் பாருங்கோ... 'இனிப்புக்கு அப்பாவை வித்தவளே, இந்தா, இன்னும் இனிப்பு!'

அகஸ்ரின்: அந்தோனியாரே! பிள்ளை, நீ ஐ.நா. சபையிலை இருக்கவேண்டிய ஆள்.

பவளராணி: அவை கொடியைச் சுருட்டிக்கொண்டு கிளிநொச்சியை விட்டுப் போகேக்கை நான் ரோட்டோரம் நிண்டனான். வேண்டாம். சொக்லேற் இருக்கோ?

அகஸ்ரின்: என்ரை பையிலை ஒண்டு கிடக்கு. எங்கடை மோள் றெபேக்காவுக்கு வாங்கினது. ஆனா அமெரிக்கன் இல்லை... சுவிஸ்.

பவளராணி: சுவிஸ் நடுநிலை நாடு. சண்டைக்குச் சரிவராது. பேப்பரைக் கழட்டுங்கோ.

அகஸ்ரின்: பொறு. சிஞ்ஞோராவுக்குத் தொண்ணூறு வயசு. இதைக் கண்டு இதயம் நிண்டால்?

பவளராணி: நிக்காது.

அகஸ்ரின்: உனக்கெப்பிடித் தெரியும்?

பவளராணி: தெரியும்... குளிசை குடுத்தனான். நீங்கள் உங்கடை ஆளைப் பாருங்கோ. அவர் ஓம் எண்டுவாரோ?

அகஸ்ரின்: எழுப்பிக் கேக்கிறன். ஜக்கெற்றையும் போட்டுவிடவேணும், சண்டைக்கெண்டால் அது இல்லாமல் வரமாட்டார். வியாழக்கிழமையிலையும் இதே கரைச்சல். வேகிற வெய்யிலுக்கை ஜக்கெற் வேணுமாம். விரல் மடங்காது, ஒரு தெறி பூட்டத் தெரியாது, எல்லாம் நான்தான்.

பவளராணி: வியாழனிலையோ? அது... வயசு போனால் அப்பிடித்தான் அண்ணை. போங்கோ, போங்கோ!

அகஸ்ரின்: போறன். நீ படியைப் பாத்துக்கொள்.

பவளராணி: ...வாறன் சிஞ்ஞோரா! ஓம், ஓம், இப்ப வாறன்!... அகஸ்ரின் அண்ணை! கீழ்க் கதவு திறக்குது!... என்ன இன்னும் செய்யிறியள்?

அகஸ்ரின்: இந்தா. சொக்லேற். கிழவர் ஓம் எண்டிட்டார்.

பவளராணி: கேட்டிட்டு என்ன செய்தவர்?

அகஸ்ரின்: சிரிச்சவர்.

பவளராணி: சிரிச்சவரோ?

அகஸ்ரின்: கோவத்திலை... கோவத்திலை சிரிச்சவர். கதவுக்குப் பின்னாலை கதிரை போட்டு இருத்தியிருக்கிறன். நீ கொண்டு போ!

பவளராணி: போறன். நொத்தாரிசை ரெண்டு நிமிசம் மறியுங்கோ.

அகஸ்ரின்: வாங்கோ, வாங்கோ, சிஞ்ஞோர் நொத்தாயோ! மூச்சு வாங்குதே. மூண்டு மாடி, லிப்ற்றும் இல்லை, என்ன செய்யிறது? தண்ணி கொண்டு வரட்டே?... வேண்டாமோ? இந்தக் கைபிடியைப் பிடிச்சுக்கொண்டு கொஞ்சம் நில்லுங்கோ. ஐஸ்கிறீம் சட்டையிலை ஒழுகியிருக்கு, துடையுங்கோ... இல்லை, அங்கை, வலக் கதவு. நிலத்திலை கோடு இருக்கு, பாத்து. ஓம், பெரிய நாள்தான். எல்லாருக்கும் பெரிய நாள்...

பவளராணி: குடுத்திட்டன் அண்ணை.

அகஸ்ரின்: ஏன் வெளியிலை வந்தனீ?

பவளராணி: உள்ளை நிண்டால் சிரிச்சுப்... பயத்திலை விழுந்திடுவன். றெனாத்தோ பேனையை எடுத்து மேசையிலை வைச்சிட்டான். காதை வையுங்கோ.

அகஸ்ரின்: எனக்கு ஒரு காதுதான் ஒழுங்காக் கேக்கும். சொல்லு.

பவளராணி: துவங்கிட்டா... 'உன்ரை ராசா விடியப்புறம் ரோமை விட்டு ஓடேக்கை...'

அகஸ்ரின்: வழக்கமானது.

பவளராணி: '...செருப்பையும் விட்டிட்டு ஓடினவன். நீ அந்தச் செருப்பை இன்னும் தலைமாட்டிலை வைச்சுக் கும்பிடுறாய்.'

அகஸ்ரின்: செருப்புப் புதுசு! நல்லாயிருக்கு.

பவளராணி: உங்கடை ஆள் கதவைத் திறந்திட்டார். என்ன சொல்லுறார்?

அகஸ்ரின்: 'குடியரசு குடியரசு எண்டு துள்ளினியள். எத்தினை அரசாங்கம் வந்து எத்தினை போச்சுது? நான் உள்ளுடுப்பு மாத்திறதை விடக் கெதியா மாத்திறாங்கள்.' அது உண்மை. அவர் மாத்திறதை நானெல்லே அறிவன்.

பவளராணி: ஐயோ, றெனாத்தோ குறுக்கை போறான். 'மாமி, சீனி... சீனி அனுப்பினவரெல்லே...' எண்டு.

அகஸ்ரின்: அவ?

பவளராணி: 'சீனியோ? விசரா! அந்தச் சீனிக்குப் பக்கத்திலை கிடக்கிறதைப் பார்! என்னைத் தகப்பனை வித்தவள் எண்டுறான்! இந்தக் கறுப்புச்சட்டைக் குஞ்சின்ரை பேருக்குப் பக்கத்திலை என்ரை பேரை எழுதவோ?'

அகஸ்ரின்: கறுப்புச்சட்டைக் குஞ்சு!... அது என்ன சத்தம்?

பவளராணி: தட்டு.

அகஸ்ரின்: நல்ல தட்டோ?

பவளராணி: அந்தத் தட்டுத்தான். எண்பது வருசத் தட்டு... சுவரிலை.

அகஸ்ரின்: எங்கடை ஆள் சொல்லுறார், 'அவள் போடமாட்டாள், நானும் போடமாட்டன், ஒரே சவப்பெட்டியிலை வைச்சாலும் போடமாட்டன்!' தள்ளி நில், தள்ளி நில், வாறாங்கள்... பாத்து இறங்குங்கோ, சிஞ்ஞோர் நொத்தாயோ! கீழ்ப் படி ஒண்டு உடைஞ்சு கிடக்கு!... றெனாத்தோ, பேனையை விட்டிட்டுப் போறியள்!... போயிட்டான். பேனையும் வேண்டாமாம்.

பவளராணி: கீழ்க் கதவு அடிச்சுச் சாத்தினது கேட்டுதே?

அகஸ்ரின்: என்ரை கேக்காத காதுக்கும் கேட்டுது. கேசினி தப்பிச்சாள் பிள்ளை. இனி அடுத்த ஜூன் மட்டும் அவன் இந்தப் படி ஏறான். அதுக்கு முதல் உன்ரை மகள் இந்தப் படி ஏறிடுவாள்... ஏனடி பிள்ளை அழுறாய்? இல்லை, சிரிக்கிறியோ?

பவளராணி: ரெண்டும்தான். அண்ணை, சிஞ்ஞோரா தட்டைத்தான் எறிஞ்சவ. சொக்லேற்றை எறியேல்லை.

அகஸ்ரின்: எங்கை அது?

பவளராணி: சட்டைப் பொக்கற்றுக்கை. பாதி தனக்கு, பாதி... வியாழக்கிழமைக்கு.

அகஸ்ரின்: வியாழக்கிழமைக்கு என்ன?

பவளராணி: அண்ணை, உங்களிட்டை ஒண்டை மறைச்சுப்போட்டன். கோவிக்காதைங்கோ. சிஞ்ஞோரா இந்த ஊர்ப் புனிதை சாந்தா றொசாலியாவிலை சத்தியம் வாங்கினவ. 'அகஸ்ரினுக்கு மட்டும் சொல்லாதை, ரெண்டு சங்கத்திலையும் செயலாளர், பூசை முடிய முதல் பலெர்மோ முழுக்கத் தெரிஞ்சிடும்' எண்டு.

அகஸ்ரின்: உப செயலாளர். சொல்லு.

பவளராணி: இவைக்குள்ளை சண்டை இல்லை அண்ணை. போன வருசமே முடிஞ்சுது. நீங்கள் வியாழன் பின்னேரம் லீவிலை பூசைக்குச் சீசாவுக்குப் போவியளே... அப்பிடி ஒரு வியாழன் கிழவர் வெளியிலை வந்து இந்தக் கோட்டிலை நிண்டவர். காத்துக்குக் கதவு படாரெண்டு பூட்டுப்பட்டுப் போச்சுது. திறப்பும் இல்லை, நிக்கவும் ஏலாது. சிஞ்ஞோரா உள்ளையிருந்து சொன்னா, 'விழுந்து செத்தால் என்ரை வாசலெல்லே ஊத்தையாகும், உள்ளை கூட்டி வா' எண்டு.

அகஸ்ரின்: பேந்து?

பவளராணி: பேந்தென்ன, கிழவர் ஜக்கெற்றுக்கையிருந்து சீட்டுக்கட்டை எடுத்தார். அண்டையிலையிருந்து ஒவ்வொரு வியாழனும் என்ரை குசினி மேசையிலை சீட்டு. இப்பவும் நேரே கதைக்க மாட்டினம். பக்கத்திலை பக்கத்திலை இருந்துகொண்டு, 'ராணி, அவனுக்குச் சொல்லு, களவாடுறான்' எண்டுவா. நான் திரும்பி அவருக்குச் சொல்லவேணும். ஆனா சண்டை முடிஞ்சுது எண்டு வெளியிலை தெரிஞ்சால் றெனாத்தோ வீட்டை வித்துப்போடுவான். அதுதான் இந்தக் கூத்து... ஆனா அண்ணை, நான் ஒண்டு யோசிச்சனான். பதினாலு வருசமா இந்தத் தட்டை நீங்கள்தான் கொண்டு வாறியள். ஒருநாளும் சீனி வரேல்லை. இந்த வருசம் மட்டும் உங்கடை கை ஏன் போத்திலுக்கை போனது?

அகஸ்ரின்: சண்டைத் தட்டெண்டால் கை போயிராது பிள்ளை. சண்டை முடிஞ்சது கைக்குத் தெரியும்... விரல் மடங்காத மனிசன்ரை ஜக்கெற்றுக்கை சீட்டுக்கட்டை வைச்சதே இந்தக் கைதானே. அண்டைக்கு நான் சீசாவுக்குப் போகேல்லை. அந்தக் கதவை உள்ளுக்கு நிண்டு பூட்டினது காத்தில்லை, நான்.